உப்புக்குளத்துக்கும் பள்ளிமுனைக்கும் நடுவே

மன்னார்த் தீவில் பள்ளிமுனை கத்தோலிக்கரின் ஊர். அங்கே பாதையோரத்தில் நிற்கும் பெருக்கமரத்தை நட்டவர்கள் அரபு வணிகர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். ஆபிரிக்க மண்ணுக்குரிய மரம் அது. ஒட்டகங்களுக்குத் தீனியாக இலை வேண்டுமென்று நட்டார்கள் என்பார்கள். உயரம் அதிகமில்லை, ஆனால் அடிமரத்தின் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல். பள்ளிக்கூடம் விட்டு வருகையில் கைகோத்து அதைச் சுற்றி நிற்கப் பார்ப்போம். எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும் காணாது. உப்புக்குளத்துப் பிள்ளைகளையும் கூப்பிட்டால்தான் சுற்று முடியும்.

உப்புக்குளம் முஸ்லிம்களின் பகுதி. பள்ளிமுனையிலிருந்து நடந்து போய் வரலாம். எங்கள் வீடு இரண்டுக்கும் நடுவே, கடல் காற்று நேரே அடிக்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் மணல் வந்து திண்ணையை மூடும். மாலையில் கோயிலின் திரிகால மணி அடிக்கும். அது ஓய்ந்ததும் ஓயாததுமாகப் பள்ளிவாசலில் மஃரிபுப் பாங்கு கேட்கும். விளக்கேற்ற வேண்டிய நேரம் என்று அம்மாவுக்குச் சொல்ல இரண்டில் ஏதோ ஒன்று போதும். வீதியில் கழுதைகள் கூட்டமாக நிற்கும். அவற்றையும் அரபுக்காரரே கொண்டுவந்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. பாலத்தடியில் 1560இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. அந்தக் கோட்டைக்காரரோடு வேரூன்றியது எங்கள் வேதம், அவர்களுக்கு முன்பே முத்துக்கும் சங்குக்கும் வந்துபோன வணிகர்களோடு வந்தது முஸ்லிம்களின் மார்க்கம். இரண்டுக்கும் வழி இதே கடல்தான்.

அப்பாவுக்கு வள்ளமும் வலையும் இருந்தன. கோயிலில் மூப்பராகவும் இருந்தார். பக்கத்து வளவில் இருந்த மாமா முஸ்லிம், கருவாட்டு வியாபாரி. எங்கள் ஆட்களிடம் மீன் எடுத்து, உப்பிட்டு, காயவைத்துக் கொழும்புக்கு ஏற்றுவார். மாமா என்று நாங்கள் கூப்பிடுவோம், அப்பா அவரை நானா என்பார். அவருடைய மனைவியை அம்மா ராத்தா என்று அழைப்பா. மாரியில் கடலுக்குப் போக முடியாத நாட்களில் மாமாவிடம் முற்பணம் வாங்கித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. மீன் பட்ட பிறகு அந்தக் கடன் கழியும். கொழும்பில் விலை விழுந்தால் மாமா எங்கள் ஆட்களிடம் தவணை கேட்பார். இப்படிக் கொடுக்கல் வாங்கல் ஒருநாளும் முழுதாகத் தீராமல் இருந்ததால் இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் விட்டுப் போக முடியாமல் இருந்தார்கள். சமய நல்லிணக்கம் என்று இப்போது மேடையில் சொல்லுகிறார்களே, அதற்கு எங்கள் ஒழுங்கையில் அடித்தளமாக இருந்தது இந்தக் கணக்குக் கொப்பி என்றே நினைக்கிறேன்.

கோயில் பெருநாளுக்கு எங்கள் வீட்டில் ஆடு அடிக்கும்போது அப்பா முதலில் ஆளனுப்புவது பள்ளிவாசல் மோதினாருக்கு. அவர் வந்து பிஸ்மி சொல்லி அறுத்துக் கொடுத்த பிறகுதான் தோலுரிப்பு. அப்படிச் செய்தால்தான் மாமா வீட்டார் எங்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடியும். அப்பாவைப் பார்த்து மற்ற வீடுகளும் செய்தார்களா, மற்றவர்களைப் பார்த்து அப்பா செய்தாரா தெரியாது. கலியாண வீடுகளில் எல்லாம் இதுதான் நடைமுறை. சாராயப் போத்தலை மாமா வரும் நேரம் உள்ளறையில் வைத்துவிடுவார்கள். தபசு காலத்தில் நாங்கள் இறைச்சி தொடமாட்டோம் என்பதை ராத்தா நினைவில் வைத்திருப்பா. அந்த நாட்களில் ஏதும் பலகாரம் வந்தால் அது இனிப்பாகவே இருக்கும். நோன்பு மாதத்தில் கஞ்சி வரும். தேங்காய்ப்பாலும் இறைச்சியும் வெந்தயமும் போட்ட கஞ்சி. நோன்பும் தபசும் ஒரே காலத்தில் விழுந்த வருடங்களில் எங்களுக்கென்று இறைச்சியில்லாத கஞ்சி தனிச் சட்டியில் வரும்.

இவையெல்லாம் மரியாதை. இதற்கு மேலே பேச்சும் இருந்தது, அதைத்தான் சொல்ல வேண்டும்.

அசர் தொழுகை முடிந்து மாமா எங்கள் திண்ணைக்கு வருவார். அப்பா வலை பொத்திக்கொண்டிருப்பார். வேதம் பேசத் தொடங்கினால் இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஈசா நபியைச் சிலுவையில் அறையவில்லை, அல்லாஹ் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்பார் மாமா. "நானா, அவர் சாகவில்லை என்றால் எங்கட பெரிய வெள்ளிக்கு என்ன வேலை?" என்பார் அப்பா. மூன்றாகவும் ஒன்றாகவும் கடவுள் எப்படி இருக்க முடியும் என்று மாமா திருப்பிக் கேட்பார். அப்பாவுக்குத் தெரிந்த விளக்கமெல்லாம் ஞானோபதேசப் புத்தகத்தில் படித்தது. அது மாமாவுக்குப் போதவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சுவாமியிடம் கேட்டுக்கொண்டு வந்து அப்பா மறுபடி தொடங்குவார். மாமாவும் ஆலிம்சாவிடம் கேட்டு வந்திருப்பார். ஒருவரும் மற்றவரை மாற்றிவிடலாம் என்று எண்ணவில்லை. ஆனால் உன் நம்பிக்கையில் இந்த இடம் எனக்கு ஒத்துவரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல இருவருக்கும் உரிமை இருந்தது. கோபித்துக்கொண்டு மாமா சில நாள் வராமலிருந்ததும் உண்டு. அப்போது அப்பா நல்ல மீனாகப் பார்த்து என் கையில் கொடுத்தனுப்புவார்.

பெண்களின் பேச்சு வேறு விதம். என் தங்கை வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. ராத்தா பேரீச்சம்பழத்தோடு வந்து பக்கத்தில் இருந்து மர்யம் அம்மாவின் கதையைச் சொன்னா. குர்ஆனில் அவ பெயரில் ஒரு சூராவே இருக்கிறது, 19ஆவது. தனியே பிரசவ வேதனைப்பட்டுப் பேரீச்சை மரத்தடியில் சாய்ந்திருந்த மர்யமிடம், மரத்தை உலுக்கு, பழம் விழும், தின்று தைரியமாயிரு என்று சொல்லப்பட்டதாம். மாட்டுக்கொட்டிலும் இடையர்களும் உள்ள கதை மட்டுமே தெரிந்த அம்மா வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தா. மாதாவுக்கு நோவு எடுத்ததைப் பற்றி எங்கட ஆட்கள் ஒருநாளும் சொன்னதில்லையே என்று பிறகு பல தடவை அம்மா சொல்லியிருக்கிறா. தன் கடவுளின் தாயை அம்மா இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான். சமயங்களுக்கு இடையில் உரையாடல் என்று யார் பேசினாலும் பாய் விரித்த அந்த அறைதான் எனக்கு முன்னால் வரும்.

விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குப் போகும் முஸ்லிம் ஆட்கள் மடுமாதா கோயில் மண்ணைப் பொட்டலமாக மடியில் கட்டிக்கொண்டு போவதைக் கண்டிருக்கிறேன். பாம்பு தீண்டாமல் காக்கும் என்று எல்லாச் சமயத்தவரும் நம்பிய மண் அது. ஆவணித் திருநாளுக்கு நாங்கள் கூடாரம் கட்டப் போகும்போது மாமாதான் லொறி பேசித் தருவார்.

பழைய கதைகளும் திண்ணைக்கு வரும். 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி, புதிதாக ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்களை, ஏறத்தாழ 600 பேரை, வெட்டிக் கொன்றதை அப்பா கண்கலங்கச் சொல்வார். அந்த வேதசாட்சிகளின் நினைவாகத் தோட்டவெளியில் கோயில் இருக்கிறது. மாமா பொறுமையாகக் கேட்பார். ஒருநாள் கேட்டுவிட்டு, "உங்கட பறங்கி எங்கள விரட்டின கதை தெரியுமா, மூப்பர்?" என்றார். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட இடங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். கண்டி அரசன் செனரத் இடம் கொடுத்தான். 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். எங்கள் பள்ளிக்கூடப் பாடத்தில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள், வேதம் பரப்பினார்கள் என்று இருந்தது. இந்த விரட்டல் அழுத்திச் சொல்லப்படவில்லை. அப்பா அன்று பதில் எதுவும் சொல்லவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வேதத்தைத் தந்த கையே அடுத்த வீட்டுக்காரரை விரட்டவும் செய்தது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை வேதசாட்சிகளின் கதையைச் சொன்னபோது செனரத் அரசனையும் சேர்த்துச் சொன்னார்.

1965 ஒக்டோபர் 28ஆம் திகதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவமல்லாத சமயங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. முஸ்லிம்களைத் திருச்சபை மதிக்கிறது, ஒரே கடவுளை வணங்கும் அவர்கள் இயேசுவை இறைவாக்கினராகவும் மரியாவைக் கன்னித்தாயாகவும் போற்றுகிறார்கள், பழைய பகைகளை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். எழுபதுகளில் இளம் குருமார் அதைப் பிரசங்கத்தில் விளக்கினார்கள். இதைச் சொல்ல உரோமாபுரிக்கு இவ்வளவு காலம் எடுத்ததா என்று அப்பா வியந்தார். எனக்கு இப்போது அந்தத் திகதியை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. அதற்குச் சரியாக 25 வருடம் கழித்து, 1990 ஒக்டோபர் 28க்குள் மன்னார்த் தீவிலுள்ள முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

அந்த வருடம் ஜூனில் சண்டை மூண்டதிலிருந்தே ஊர் குலைந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வள்ளமேறி இராமேஸ்வரம் போய்க்கொண்டிருந்தார்கள். மடுக் கோயில் அகதி முகாமாகிவிட்டது. அந்தக் குழப்பத்தின் நடுவில்தான் உத்தரவு வந்தது. மன்னாரில் தமிழர் பலர் எதிர்த்துப் பேசினார்கள், போய்க் கேட்டார்கள். இது மேலிடத்து முடிவு என்ற பதில்தான் கிடைத்தது. சில நாட்கள் தவணை நீண்டது, முடிவு மாறவில்லை. யாழ்ப்பாணத்தில் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசம்தான். வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். அதில் பெரிய பங்கு மன்னாரைச் சேர்ந்தது.

நகைகளையும் பொருள்களையும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். கரையில் மழைக்குள் காத்திருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். ராத்தா அம்மாவிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்தா, தையல் மெசினையும் ஆட்டுக்கல்லையும் பார்த்துக்கொள்ளச் சொன்னா. அப்பா கணக்குக் கொப்பியை எடுத்து வந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பார்க்கத் தொடங்கினார். மாமா கொப்பியை வாங்கி மூடிவிட்டு, "மூப்பர், இது இருக்கட்டும். தீர்க்க நான் வரவேணும்" என்றார். எங்கள் ஒழுங்கையில் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஆனால் அழுதவர்கள் மட்டும் இருந்தார்கள் என்று எழுதினால் அது பொய். போன வீடுகளின் ஓட்டையும் நிலையையும் கழற்றியவர்கள் இருந்தார்கள், அப்பொருள்களை மலிவாக வாங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் எங்களோடு ஒரே வாங்கில் முழந்தாளிட்டு நன்மை வாங்கினார்கள். ராத்தாவின் திறப்பு அம்மாவிடம் இருந்தது, அந்தக் கதவு ஒரு வருடம்கூட இருக்கவில்லை.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் விடுதலைப் புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார். பாதை திறந்த அந்தச் சமாதான காலத்தில் நான் புத்தளம் போனேன். ஓலைக் கொட்டில்களும் பாதி கட்டிய கல்வீடுகளுமாக மன்னார் ஊர்கள் அங்கே மறுபடி முளைத்திருந்தன. எருக்கலம்பிட்டியார் நாகவில்லில் தங்கள் ஊரின் பெயரையே வைத்துக் குடியிருந்தார்கள். மாமா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். ராத்தா என்னைக் கண்டதும் முதலில் கேட்டது அம்மாவின் சுகத்தை; அடுத்துக் கேட்டது, "மகள், வாங்கு கேக்கிற நேரம் உங்கட மணி இன்னும் அடிக்குதா?" என்று. பிறகு, நான் எதிர்பார்க்காத நேரத்தில், "உங்கட ஆக்கள் ஏன் ஒண்டும் செய்யேல்ல?" என்று கேட்டா. குரலில் கோபம் இல்லை, அதனால் பதில் சொல்லக் கடினமாக இருந்தது. துவக்குக்கு முன்னால் என்ன செய்ய முடியும் என்று சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. ஓட்டைக் கழற்றும்போது துவக்கு யாரும் நீட்டவில்லையே என்று அவ கேட்டிருந்தால் எனக்கு வாய் இல்லை. அவ கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தா.

2009இல் போர் முடிந்த பிறகு முஸ்லிம்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். இருபது வருடத்தில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. மாமாவின் பேரப்பிள்ளைகளுக்கு மன்னார் கதையில் கேட்ட ஊர். இங்கேயும் இடம் சும்மா கிடக்கவில்லை. விடத்தல்தீவுப் பக்கமிருந்து சண்டையில் இடம்பெயர்ந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள், உப்புக்குளத்து முஸ்லிம்கள் முன்பு வள்ளம் கட்டிய கோந்தைப்பிட்டிக் கரையில் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களும் வீடு இழந்தவர்கள்தான். கரை யாருக்கு என்ற வழக்கு முற்றி, 2012 ஜூலையில் மன்னார் நீதிமன்றத்தின் முன் கல்லெறியும் கண்ணீர்ப்புகையுமாகப் போனது. அரசியல்வாதிகள் இரு பக்கமும் எண்ணெய் ஊற்றினார்கள். அந்த வாரம் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கூட்டங்கள் அதிகமாகின. மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். சுவாமியும் மௌலவியும் ஐயரும் பிக்குவும் வரிசையாக அமர்வார்கள். ஒவ்வொருவரும் தங்கள் வேதத்திலிருந்து சமாதானத்தைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு சிற்றுண்டி. இவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆயர் இராயப்பு ஜோசப் காலத்திலும் பிறகும் இந்தத் தொடர்புகளை விடாமல் காத்த குருக்களும் மௌலவிமாரும் இல்லையென்றால் 2012இல் கல்லோடு நின்றிருக்காது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் கோயில்களில் குண்டு வெடித்து, கொழும்பு ஹோட்டல்களில் இறந்தவர்களோடு 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போன பின்பு, இங்கே ஒரு கடைக்கும் தீங்கு வந்துவிடக் கூடாதென்று ஓடித்திரிந்தவர்களும் அவர்களே. அந்தத் திங்கட்கிழமை மாமாவின் மகன் எங்கள் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரத் தயங்கி நின்றார். பக்கத்து வளவில் பிறந்து வளர்ந்தவர், படலையில் நின்று அனுமதி கேட்க வேண்டிய நிலை வந்துவிட்டதே என்று எனக்கு வயிறு பற்றியது. கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். "அக்கா, அவங்கள் எங்கட ஆக்கள் இல்ல" என்றார். "தெரியும் தம்பி, இரு" என்றேன்.

ஆனால் மண்டபக் கூட்டங்களில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. சமாதானம் பற்றி இரு வேதங்களும் சொல்வதில் ஒற்றுமை காணுவது எளிது. அப்பாவும் மாமாவும் ஒற்றுமையைப் பேசித் திண்ணையில் உட்காரவில்லை, ஒத்துவராததைத்தான் பேசினார்கள். சிலுவையைப் பற்றியும் 1626ஐப் பற்றியும் முகத்துக்கு நேரே பேச முடிந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள், 1990ஐப் பற்றியும் கோந்தைப்பிட்டியைப் பற்றியும் ஒரே மண்டபத்தில் வாய் திறக்கப் பயப்படுகிறோம். பேச்சு எடுத்தால் உறவு கெடும் என்கிறார்கள். எடுக்காததால்தான் அது படலையடியில் நிற்கிறது என்பது என் எண்ணம். முஸ்லிம் பக்கத்திலும் கேட்கப்பட வேண்டியவை உண்டு. விடத்தல்தீவிலிருந்து வந்தவர்களின் இழப்பு அவர்கள் காதில் இன்னும் சரியாக விழவில்லை. காணிப் பங்கீட்டில் அரசியல் செல்வாக்கு விளையாடியது என்ற எங்கள் ஆட்களின் குறையும் வெறும் பொறாமையல்ல. இவற்றையும் திண்ணையில் வைத்துப் பேசத்தான் வேண்டும்.

சில மாதமாக மாமாவின் மகனும் என் தம்பியும் விடத்தல்தீவுக்காரர் ஒருவரும் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுகிறார்கள். விளக்கேற்றுவதில்லை, பிரசங்கம் இல்லை. முதல் நாள் சத்தம் கூடி, விடத்தல்தீவுக்காரர் எழுந்து போய்விட்டார். மறு வாரம் தானாகவே வந்தார். 90இல் யார் வீட்டு நிலை எங்கே போனது என்று மாமாவின் மகன் பெயர் சொல்லிக் கேட்டார்; என் தம்பி தெரிந்ததைச் சொன்னான், அதில் எங்கள் சொந்தக்காரர் பெயரும் இருந்தது. கரையில் எந்தப் பக்கம் யார் வள்ளம் கட்டுவது, வாடைக்கும் சோளகத்துக்கும் மாறி மாறி இடம் விடலாமா என்று இப்போது பேச்சு போகிறது. எழுதி வைத்தால்தான் நல்லது என்று விடத்தல்தீவுக்காரர் சொன்னார். கொப்பி வாங்கிவரும் பொறுப்பை என் தம்பி ஏற்றிருக்கிறான். அடுத்த வெள்ளி, ஜும்ஆ முடிந்த பிறகு, மறுபடி கூடுகிறார்கள். எங்கள் விசாரணைக் குருவும் வரட்டுமா என்று கேட்டார். வரலாம் சுவாமி, கேட்டுக்கொண்டிருக்க வரலாம் என்று சொல்லியிருக்கிறோம்.